சப்போட்டா மரத்துக்கு ஒரு கதவு

நிக்கோலாசாவின் கோழிகளுக்கு வீடு கிடையாது என்ற விஷயம் நிக்கோலாசாவுக்கே தெரியாது. கொல்லைக்கோழிப் பாதுகாப்பு ஆணையத்தின் ஜீப் சேற்றில் சிக்கி, ஊர்க்காரர்கள் தள்ளி, அவள் வேலியோரம் வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது. அதுவரை அந்தக் கோழிகள் சப்போட்டா மரத்தில் அடைந்து, விடிந்ததும் இறங்கி, குப்பையைக் கிளறி, முட்டையிட்டு, மானம் மரியாதையோடுதான் வாழ்ந்து வந்தன. தாங்கள் வீடற்ற அநாதைகள் என்று அவற்றிடமும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஜீப்பிலிருந்து மூன்று டாக்டர்கள் இறங்கினார்கள். ஊசி போடுகிற டாக்டர்கள் அல்ல. அந்தக் கரையோரத்தில் மேசையும் முத்திரையும் வைத்திருக்கும் எவரும் டாக்டர்தான். நிலம் அளக்க வருபவர் டாக்டர், தண்ணீர் வரி வாங்க வருபவர் டாக்டர். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பவரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், ஆனால் அவரைப் பார்த்து யாரும் எழுந்து நிற்பதில்லை. வந்த மூவரில் பெரியவர் டாக்டர் அரிஸ்தீதெஸ் போம்போ, ஆணையத்தின் தலைவர். பக்கத்தில் நின்ற அம்மாள் டாக்டர் ஹிமேனா, கதவுப் பிரிவின் அதிகாரி. மூன்றாவது, டாக்டர் வில்மர். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாதவர், ஆகவே இன்னும் சுற்றும் முற்றும் பார்க்கிற பழக்கம் போகாதவர்.

"கூடு எங்கம்மா இருக்கு?" என்று டாக்டர் போம்போ கேட்டார்.

நிக்கோலாசா சப்போட்டா மரத்தைக் காட்டினாள்.

அந்த மரம் கொல்லையின் நடுவில் தனியாக நிற்கிறது. பக்கத்து மரங்களின் கிளை எதுவும் அதைத் தொடாதபடி அவள் புருஷன் எலியேசர் அவ்வப்போது முனகிக்கொண்டே வெட்டிவிடுவான். அடிமரத்தில் நெஞ்சுயரத்துக்கு ஒரு தகரத்தைச் சுற்றி ஆணி அடித்திருந்தது. சாயங்காலம் குறுக்குச்சட்டம் அடித்த பலகை ஒன்றைச் சாய்த்து வைத்தால் கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிப்போய்க் கிளையில் உட்கார்ந்துவிடும். பலகையை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. அந்தப் பக்கத்தில் கோழிக்கு எமன் சூச்சோ. பூனை அளவு உடம்பு, எலி மூஞ்சி, மொட்டை வால், வயிற்றில் பை. அது ஏறாத மரம் கிடையாது, நுழையாத ஓட்டை கிடையாது. ஆனால் தகரத்தில் அதன் நகம் நிற்காது. வழுக்கி விழும், மறுபடி ஏறும், மறுபடி விழும், பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். கான்யோ லிந்தோ ஊரில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் கோழி வளர்க்கிறார்கள்.

டாக்டர் போம்போ மரத்தைச் சுற்றி வந்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். முகத்தில் கவலை படர்ந்தது.

"கதவு எங்க?"

"மரத்துக்கு ஏது டாக்டர் கதவு?"

"அப்ப இது கூடு இல்லம்மா. பாதுகாப்புன்னா என்ன? கதவு. கதவு இருந்தாத்தான் மூட முடியும். மூடினாத்தான் உள்ளே, வெளியேன்னு ரெண்டு இருக்கும். உங்க கோழி இப்ப உள்ள இருக்கா, வெளிய இருக்கா? உங்களால சொல்ல முடியுமா? அரசாங்கத்தாலயே சொல்ல முடியாது. அதுதான் பெரிய ஆபத்து."

தகரம் அடித்த நாளிலிருந்து ஒரு கோழியைக்கூடச் சூச்சோ தூக்கியதில்லை என்று நிக்கோலாசா சொல்லிப் பார்த்தாள். அது அதிர்ஷ்டம் என்றார் டாக்டர் போம்போ. அதிர்ஷ்டத்தை நம்பி அரசாங்கம் நடத்த முடியாது என்றும் சொன்னார். டாக்டர் ஹிமேனா தகரத்தை விரலால் தட்டிப் பார்த்து, இது கையேட்டில் இல்லாத பொருள், அனுமதி பெறாத தடுப்பு என்று தீர்ப்புச் சொன்னார். டாக்டர் வில்மர் எழுதிக்கொண்டார்.

டாக்டர் என்று ஒருவர் வீடு தேடி வந்தால் கோழி அடித்து, மரவள்ளியும் வாழைக்காயும் போட்டுக் குழம்பு வைக்காமல் அனுப்புகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. மூன்று டாக்டர்கள், கூட ஒரு ஓட்டுநர். நிக்கோலாசா நல்ல கோழியாகப் பார்த்து இரண்டை அடித்தாள். நெஞ்செலும்பைச் சப்பிக்கொண்டே டாக்டர் போம்போ முடிவை அறிவித்தார்: இந்த வீட்டுக் கோழிகள் வீடற்றவை. வீடற்ற கோழியின் முட்டையை எந்தக் கடையும் வாங்கக் கூடாது. ஆணையம் கூடு கொடுக்கும், கூட்டுக்குச் சான்றிதழ் கொடுக்கும், அதற்கப்புறம் விற்றுக்கொள்ளலாம். அதுவரைக்கும் முட்டையை நீங்களே சாப்பிடுங்கள், சத்துள்ள பொருள் என்றும் பெருந்தன்மையாகச் சொன்னார்.

அந்த வீட்டில் அடுப்பெரிவதே முட்டையால்தான். நிக்கோலாசாவின் கோழிகள் வெயில் தாங்குகிற, கழுத்தில் ஓர் இறகுகூட இல்லாத சாதி. பார்க்கச் சகிக்காது, ஆனால் விடாமல் முட்டையிடும். அந்த முட்டைகள் படகேறித் துறைமுகத்து ரொட்டிக்கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. எலியேசரும் ஆற்றில் மீன் பிடிக்கிறவன்தான். ஆனால் அவன் கிளம்புகிற சேதி எப்படியோ மீன்களுக்கு முன்னாலேயே போய்விடும். கோழி போனால் அந்தக் குடும்பம் போச்சு, அவ்வளவுதான் கணக்கு. ஆகவே, கூடு எப்போது வரும் என்று நிக்கோலாசா பணிவாகவே கேட்டாள்.

கூடு லாரியில் வந்தது. எங்கேயோ குளிர் தேசத்தில் யாரோ வரைந்து, யாரோ தானமாகக் கொடுத்த வடிவம். கூரை தேவாலயக் கோபுரம்போலச் செங்குத்தாக இருந்தது. பனி தங்காமல் சரிந்து விழுவதற்காக என்று டாக்டர் ஹிமேனா விளக்கினார். பனி விழுந்தால் கட்டாயம் சொல்லி அனுப்புவதாக எலியேசர் வாக்குக் கொடுத்தான்.

கதவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரும்புக் கதவு, பச்சை வண்ணம், கனத்த சட்டம், உள்ளங்கை அகலக் கீல்கள், உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பூட்டுகிற பூட்டு. நிக்கோலாசாவின் வீட்டு வாசலில் அரிசிச் சாக்கைக் கிழித்துத் தைத்த திரைதான் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே வந்து அந்தக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும், நிக்கோலாசாவுக்கும் அன்று கொஞ்சம் தலை கிறுகிறுத்துத்தான் போயிற்று. அக்கம்பக்கத்துப் பெண்கள் கதவைத் தொட்டபோது, கையைத் துடைத்துக்கொண்டு தொடுங்கள் என்று சொன்னாள்.

கதவின் மேல் ஒரு படம் ஒட்டியிருந்தது. பெரிய மிருகம் ஒன்று கதவை மோதிப் பார்த்துத் தோற்றுப்போய் நிற்கிறது.

"இவரு யாரு டாக்டர்?" என்று எலியேசர் கேட்டான்.

"கரடி. எவ்வளவு பெரிய கரடி வந்தாலும் இந்தக் கதவை ஒண்ணும் பண்ண முடியாது."

"இந்தப் பக்கம் கரடியே கிடையாதே."

"பாத்தீங்களா," என்றார் டாக்டர் போம்போ திருப்தியாக.

கதவுக்கு அவ்வளவு இரும்பு போனதாலோ என்னவோ, மற்ற மூன்று பக்கமும் மெல்லிய கம்பி வலை. கோழி வெளியே போகாமல் இருக்க நெய்த வலை. எதுவும் உள்ளே வராமல் இருக்க நெய்ததல்ல. நிக்கோலாசா அதை விரலால் அமுக்கிப் பார்த்தாள், விரலோடு வளைந்தது. டாக்டரிடம் கேட்கலாமா என்று நினைத்தாள். அதற்குள் நாடா வெட்டி, கைதட்டி, படம் எடுத்து முடித்துவிட்டார்கள். போகிற போக்கில் ஆணையத்து ஆட்கள் மரத்திலிருந்த தகரத்தையும் பிடுங்கிப் போட்டார்கள். இனிமேல் மரத்தில் ஒரு கோழியைப் பார்த்தால் அது சட்டவிரோதமாக மரமேறிய கோழி, பறிமுதல் செய்யப்படும் என்று டாக்டர் ஹிமேனா சிரித்த முகத்தோடு எச்சரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை நிக்கோலாசா கதவைத் திறந்தாள். கதவு அருமையாகத் திறந்தது, கீல் முனகவில்லை. உள்ளே வலையோரமாக வரிசையாகக் கோழிகள் கிடந்தன. சிலவற்றுக்குத் தலை இல்லை. சிலவற்றுக்குத் தலை மட்டும் இருந்தது. மூலையில் வலை கிழிந்து உள்பக்கமாகச் சுருண்டிருந்தது, அதில் சாம்பல் நிற மயிர் ஒட்டியிருந்தது. உயிரோடிருந்த கோழிகள் எல்லாம் ஒரே மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நின்றன. மரத்திலிருந்தால் பறந்தாவது தப்பித்திருக்கும். நிக்கோலாசா அழவில்லை. செத்ததில் முழுசாக இருந்த ஒன்றைக் கூடையில் போட்டுக்கொண்டு துறைமுகத்துக்குப் படகேறினாள்.

ஆணையத்தின் அலுவலகம் பெரிய கட்டடம். கதவுப் பிரிவு, பூட்டுப் பிரிவு, கீல் பிரிவு, சாவிப் பிரிவு என்று வரிசையாக அறைகள் இருந்தன. வலைக்கு யாரிடம் போவது என்று விசாரித்தாள். சுவர், வலை, கூரை எல்லாம் ஒரே பிரிவு, ஆனால் அந்தப் பிரிவுக்கு இன்னும் ஆள் போடவில்லை, அறையில் பழைய நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறோம் என்று வாசற்காவலன் சொன்னான். காலை முழுக்கக் காக்க வைத்த பிறகு டாக்டர் ஹிமேனா கூப்பிட்டார். மேசைமேல் கூடையைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"கதவு உடைஞ்சிருக்கா?"

"இல்ல டாக்டர்."

"பூட்டு?"

"பூட்டு நல்லாத்தான் இருக்கு. அது வலையைக் கிழிச்சு..."

"கீல் ஆடுதா?"

"ஆடலை."

"அப்ப எதுவும் உள்ள போகலை."

"எதுவும் உள்ள போகாமயா இத்தனை கோழி செத்துக் கிடக்கு?"

"அதை நாங்கதான் உங்ககிட்டக் கேக்கணும்," என்றார் டாக்டர் ஹிமேனா. குரல் கடுமையாகிவிட்டது. "பூட்டின கதவுக்குப் பின்னால கோழி செத்திருக்கு. சாவி யார்கிட்ட இருந்துது? உங்ககிட்ட."

நிக்கோலாசாவுக்கு ஒரு கணம் தான்தான் கொன்றோமோ என்றே தோன்றிவிட்டது. அலுவலகங்களுக்கு அந்தச் சக்தி உண்டு. புகார் கொடுக்கப் போனவர்கள் குற்றவாளியாக வெளியே வருவார்கள்.

அவள் பயந்ததைப் பார்த்து டாக்டர் ஹிமேனா கொஞ்சம் இளகினார். குற்றம் நோக்கமில்லாமலும் நடந்திருக்கலாம் என்றார். மரத்தில் வளர்ந்த கோழிகளுக்குக் கதவுக்குப் பின்னால் வாழ்ந்து பழக்கமில்லை, அந்த அதிர்ச்சியில் மனசு உடைந்து செத்திருக்கும், பல நாடுகளில் பார்த்திருக்கிறோம் என்றார்.

"மனசு உடைஞ்சா தலை காணாமப் போகுமா டாக்டர்?"

"ஒவ்வொரு கோழி ஒவ்வொரு மாதிரி," என்றார் டாக்டர் ஹிமேனா.

அடுத்த வாரம் பயிற்சி நடந்தது. டாக்டர் ஹிமேனா நேரிலேயே வந்து நடத்தினார். கோழிகளை உச்சிவெயிலில் கூட்டுக்குள் அடைத்து, கதவை மெதுவாகத் திறந்து மெதுவாக மூட வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தால் கோழிக்குக் கதவின் மேல் நம்பிக்கை பிறக்கும். நிக்கோலாசா திறந்தாள், மூடினாள். டாக்டர் ஹிமேனா குடைக்குக் கீழே உட்கார்ந்து கோழிகளின் முகத்தைக் கவனித்தார். செங்குத்துக் கூரைக்குள் சூடு ஏறிக்கொண்டே போயிற்று. குளிர் தேசத்துக் கூரை, உள்ளே வந்த சூட்டை விடாமல் பிடித்து வைக்கத் தெரிந்த கூரை. ஒரு கிழட்டுக் கோழி வாயைப் பிளந்து, இறக்கையை விரித்து, அப்படியே சாய்ந்தது. நம்பிக்கை வந்ததும் சில கோழிகள் தளர்ந்து உட்காரும் என்று டாக்டர் ஹிமேனா விளக்கினார். அது மறுபடி எழுந்திருக்கவில்லை.

நிக்கோலாசா பொறுத்துக்கொண்டாள். சான்றிதழ் வந்தால் முட்டை விற்கும், முட்டை விற்றால் கடையில் அரிசி கொடுப்பார்கள். ஆனால் இரவில் கோழிகளைச் சூச்சோவுக்குக் கொடுத்துவிட்டுப் படுக்க அவளால் முடியவில்லை. மரத்திலிருந்து பிடுங்கிப் போட்ட தகரத்தையும், சமையலறைக் கூரையிலிருந்து கழற்றிய இன்னும் இரண்டையும் கூட்டின் வலையைச் சுற்றி அடித்தாள். சமையலறையில் மழை ஒழுகியது, ஒழுகட்டும். ஒரு கோழிக்கும் ஒன்றும் ஆகவில்லை. சூச்சோ வந்து சுற்றிய தடம் மட்டும் காலையில் மண்ணில் இருக்கும்.

அது நீடிக்கவில்லை. டாக்டர் வில்மர் திடீர்ச் சோதனைக்கு வந்தார். தகரத்தைப் பார்த்து அவர் முகம் விழுந்தது.

"இதை எடுத்தாகணும்மா. கூட்டோட வடிவத்தை மாத்தினா சான்றிதழ் கிடைக்காது."

"எடுத்தா சூச்சோ வரும்."

"தெரியும்," என்று சொல்லிவிட்டு, தான் சொன்னதை நினைத்துத் தானே பயந்துபோய் அங்கும் இங்கும் பார்த்தார். "அதாவது, ஆணையத்தைப் பொறுத்தவரைக்கும் சூச்சோன்னு ஒண்ணு இல்லை. கையேட்டுல கரடி இருக்கு, ஓநாய் இருக்கு, பனிக்காட்டுப் பூனை இருக்கு. சூச்சோவைச் சேக்கணும்னா அது கதவு வழியா வரணும். வரவே மாட்டேங்குதே."

ஆணிகளை அவரே தன் கையால் பிடுங்கினார். வருத்தத்தோடுதான் பிடுங்கினார். வருத்தப்பட்டுப் பிடுங்கினாலும் ஆணி ஆணிதான், தகரம் கீழே விழத்தான் செய்தது.

அடுத்த நாள் காலை நல்ல கோழிகளில் பாதிக்கு மேல் இல்லை. அடைகாக்கிற பருவத்துக்கு வந்திருந்த விடைக்கோழிகள், சாம்பல் சேவல், தினமும் நிக்கோலாசாவின் காலடியில் வந்து நின்றுகொண்டு சோளத்துக்குச் சண்டை போடுகிற சிவப்புப் பெட்டை, எல்லாம் போயிருந்தன. சிவப்புப் பெட்டையின் ஒரு கால் மட்டும் வலைக்கு வெளியே கிடந்தது, கிழிசல் வழியாகச் சூச்சோ இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. முப்பதுக்கு மேல் இருந்த கூட்டத்தில் ஏழெட்டுத்தான் மிஞ்சியிருந்தது. கதவு பூட்டியபடி, பச்சையாக, ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது.

நிக்கோலாசா அந்தக் காலைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து எலியேசர் படுத்திருந்த வலைத்தூளிக்குப் பக்கத்தில் நின்றாள். அவன் எதுவும் கேலி பேசவில்லை. எழுந்து உட்கார்ந்தான்.

"சூச்சோ மேல எனக்குக் கோவமே இல்லய்யா," என்றாள். "அதுக்குப் பசி, குட்டி இருக்கு, வந்துது, தின்னுட்டுப் போச்சு. இவங்களுக்கு என்ன பசி? எதுக்கு வந்தாங்க? நான் கூப்பிட்டனா?"

"அவங்க கண்ணுக்குக் கதவைத் தவிர வேற எதுவும் தெரியாதுடி. உன் கோழியும் தெரியாது, நீயும் தெரிய மாட்ட. நீயே ஒரு கதவா இருந்தா எழுந்து நின்னு கும்பிடுவானுங்க."

அவன் சும்மா ஆற்றாமையில் சொன்னதுதான். அவள் அவனையே பார்த்தாள். பிறகு கடப்பாரை எங்கே என்று கேட்டாள்.

இரண்டு பேரும் சேர்ந்து, பக்கத்து வீட்டுக்காரனின் மாட்டையும் இரவல் வாங்கிக் கட்டி இழுத்து, கதவைச் சட்டத்தோடு பெயர்த்தெடுத்தார்கள். சப்போட்டா மரத்துக்குப் பத்தடி முன்னால் குழி தோண்டி, கல் போட்டு இறுக்கி, சட்டத்தை நட்டார்கள். கதவுக்கு இடது பக்கம் ஒன்றும் இல்லை, வலது பக்கம் ஒன்றும் இல்லை. கோழிகள் போகிற போக்கில் அதைச் சுற்றிக்கொண்டு போயின. தகரத்தை மறுபடி மரத்தில் அடித்தாள். சாயங்காலம் பலகையைச் சாய்த்தாள். மிஞ்சியிருந்த ஏழெட்டும் மறக்காமல் ஏறின. பறிமுதல் செய்கிறவர்கள் வரட்டும், கடப்பாரை கையில்தான் இருக்கிறது என்று அன்று அவள் ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

அவர்கள் வந்தார்கள். சட்டவிரோதமாக மரமேறிய கோழிகளைப் பற்றி யாரோ தகவல் கொடுத்திருந்தார்கள். டாக்டர் போம்போவே வந்தார், டாக்டர் ஹிமேனாவும் டாக்டர் வில்மரும் வந்தார்கள், ஓட்டுநர் கோழிகளை அள்ளிப் போகக் கோணிச் சாக்கோடு வந்தான். நிக்கோலாசா மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு வாய்க் காப்பி வேண்டுமா என்றுகூட யாரையும் கேட்கவில்லை.

முதலில் பழைய கூட்டுக்குப் போனார்கள். கதவு இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. டாக்டர் ஹிமேனா ஏமாற்றத்தோடு தலையை ஆட்டினார். இது கூடு இல்லை என்றார். பிறகு மூவரும் திரும்பினார்கள். டாக்டர் போம்போ கதவைப் பார்த்தார். நடந்து வந்து அதற்கு முன்னால் நின்றார். கதவு மூடியிருந்தது. அவருக்கும் நிக்கோலாசாவுக்கும் நடுவில் மறைப்பாக இருந்தது கதவின் அகலம் மட்டும்தான். தோளைச் சற்றுச் சாய்த்தால் அவள் முகம் முழுசாகத் தெரியும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கதவைத் தட்டினார்.

நிக்கோலாசா திகைத்துப் போனாள். இப்படி நடக்கும் என்று அவள் நினைக்கவில்லை. கடப்பாரையை மரத்தில் சாய்த்து வைத்தாள். அவள் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தாள்.

டாக்டர் போம்போ செருப்பின் சேற்றைத் தேய்த்துவிட்டு, தலையைக் குனிந்து உள்ளே வந்தார். டாக்டர் ஹிமேனா அடுத்து வந்தார், டாக்டர் வில்மர் அடுத்து. ஓட்டுநர் பாவம், படிக்காதவன். கதவைச் சுற்றிக்கொண்டு நேராக வந்துவிட்டான்.

"ஏம்ப்பா, இது என்ன சந்தையா?" என்று டாக்டர் போம்போ சீறினார். "கதவு வழியா வா."

ஓட்டுநர் வந்த வழியே வெளியே போய், கதவு வழியாகத் திரும்பி வந்தான்.

டாக்டர் ஹிமேனா பூட்டைத் திருகினார், கீலை அசைத்தார், சட்டத்தைத் தோளால் முட்டினார். அசையவில்லை. இவ்வளவு உறுதியாக ஊன்றிய கதவைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்றார். கண்கள் கலங்கியிருந்தன. டாக்டர் வில்மர் மட்டும் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார்.

"சுவர் இல்லையே சார்," என்றார் மெதுவாக.

"சுவர் வேற பிரிவு," என்றார் டாக்டர் போம்போ.

பிறகு அவர் மரத்தடியில் நின்று பேசினார். மேடை இல்லாவிட்டாலும் அவருக்குக் குரல் தானாக உயர்ந்தது. "இந்த இடத்துக்கு நாங்க முதல்ல வந்தப்ப இங்க என்ன இருந்துது? வெறும் மரம். கூடு கொடுத்தோம். சில கோழிங்க இறந்துது, மறுக்கலை. ஏன் இறந்துது? கதவு தப்பான இடத்துல இருந்துது. தப்பைக் கண்டுபிடிச்சது யாரு? ஆணையம். இன்னிக்குப் பாருங்க, அதே மரம், அதே கோழி, அதே தகரம். ஆனா பாதுகாப்பு வந்துருச்சு. இந்தக் கரையோரத்துல எத்தனை மரத்துல கோழி அடையுதோ அத்தனை மரத்துக்கும் ஒரு கதவு நடுவோம். உங்களுக்கு இன்னிக்கே சான்றிதழ் தர்றேம்மா. நன்றியெல்லாம் வேண்டாம், ஒரு படம் எடுத்துக்குவோம்."

"செத்ததுக்கு என்ன டாக்டர்?" என்று நிக்கோலாசா கேட்டாள்.

"எதுக்கு?"

"செத்த கோழிங்களுக்கு. இருபதுக்கு மேல செத்துப்போச்சு. நல்லா இருந்த கோழிங்க. உங்க கதவுக்குப் பின்னால, நீங்க அடைக்கச் சொல்லி, நானே பிடிச்சு அடைச்சுச் செத்துப்போச்சு."

டாக்டர் போம்போ அவள் தோளில் கை வைத்தார். "முன்னோடித் திட்டம்னா அப்படித்தாம்மா. அதுங்க வீணாச் சாகலை. அதுங்களாலதான் நாங்க இவ்வளவு கத்துக்கிட்டோம்."

நிக்கோலாசா அவர் கையைத் தோளிலிருந்து எடுத்து அவரிடமே விட்டாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. படம் எடுக்க வேண்டுமென்றால் எல்லோரும் வெளியே போய்க் கதவுக்கு முன்னால் நில்லுங்கள், கதவு நன்றாகத் தெரியட்டும் என்றாள். அது நல்ல யோசனை என்று டாக்டர் ஹிமேனாவுக்குப் பட்டது. போம்போ, ஹிமேனா, வில்மர், ஓட்டுநர் என்று பதவி வரிசைப்படி தலையைக் குனிந்து வெளியே போனார்கள். கடைசி ஆள் போனதும் அவள் கதவை மூடி, உள்ளிருந்து பூட்டி, சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

வெளியே அவர்கள் வரிசையாக நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு டாக்டர் போம்போவுக்குத் தன் தோல்பை நினைவுக்கு வந்தது. சான்றிதழும் முத்திரையும் அதில்தான் இருந்தன. பை மரத்தின் வேரில் சாய்ந்து கிடந்தது, அவர் நின்ற இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. அவர் கைப்பிடியைத் திருகிப் பார்த்தார். பூட்டியிருந்தது. தட்டினார்.

"அம்மா, கொஞ்சம் திறங்க. பை உள்ள இருக்கு."

நிக்கோலாசா மடியிலிருந்த சோளத்தைத் தரையில் இறைத்துக்கொண்டிருந்தாள். ஏழெட்டுக் கோழிகளும் அவள் காலைச் சுற்றி வந்து பொறுக்கின. அவள் திரும்பவில்லை.

உச்சிவெயில். வெளியே நிழல் கிடையாது. ஓட்டுநர் மெதுவாக ஒரு கால் எடுத்து வைத்தான், கதவின் பக்கவாட்டில் ஓர் அடி போதும். டாக்டர் போம்போ திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தக் காலைத் திரும்ப எடுத்துக்கொண்டான். டாக்டர் வில்மர் தன் செருப்பைப் பார்த்தபடி நின்றார். டாக்டர் ஹிமேனா பூட்டைத் தடவிப் பார்த்து, சாவி இல்லாமல் வெளியிலிருந்து இதைத் திறக்க வாய்ப்பே இல்லை, உறுதியான வேலைப்பாடு என்று சொன்னார். சட்டையெல்லாம் வியர்வையில் ஒட்டிக்கொண்டது. வேலிக்கு அந்தப் பக்கம் ஊர் கூடிவிட்டது. எலியேசர் வேலியில் சாய்ந்துகொண்டு, கரடி ஏதாவது தட்டுகிறதா என்று உள்ளே பார்த்துக் கேட்டான்.

டாக்டர் போம்போ குரலைத் தாழ்த்தினார். "எப்பம்மா திறப்பீங்க?"

அப்போதுதான் நிக்கோலாசா திரும்பினாள். கதவுக்குப் பின்னாலிருந்து ஒதுங்கி, இரண்டடி தள்ளி, அவர் கண்ணுக்கு நேராக வந்து நின்றாள்.

"செத்ததுங்க வந்து தட்டட்டும் டாக்டர். திறக்கறேன்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு கதவின் பக்கம் திரும்பி மறுபடி தட்ட ஆரம்பித்தார்.